கட்டிப்பால் லாரி

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து கிளம்பிப் பினாங்குப் பாலத்தைத் தாண்டும்வரை எல்லாரும் நன்றாகத்தான் இருப்போம். கணவர் மின்னல் எஃப்எம்மில் வரும் பழைய பாட்டுக்கு ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். பின்சீட்டில் மகள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். 13.5 கிலோமீட்டர் பாலம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். மறுகரையில் பிறை ஊரில் இறங்கி, கூலிம் நெடுஞ்சாலையைப் பிடித்து, இன்னும் ஒரு கால்மணி நேரம் ஓடினால் காருக்குள் சண்டை வந்திருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூலிமில் இருக்கும் என் அத்தையைப் பார்க்கப் போகும் பயணம் இது. 11 வருடமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம்.

சண்டைக்குக் காரணம் ஒவ்வொரு தடவையும் வேறு. டோல் கார்டில் பணம் போட மறந்தது. முன்னால் போகிற வண்டியை ஒட்டிக்கொண்டே போவது. அவர் அக்கா வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் வைப்பது. காரணம் எல்லாமே நியாயமானவை. நான் சும்மா கோபப்படுகிறவள் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அத்தை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போவேன்.

போன வருடம் மகள்தான் அதைச் சொன்னாள். அப்போது அவளுக்கு 12 வயது. "அம்மா, ரப்பர் லாரி பக்கத்துல போச்சுன்னா நீங்க அப்பாகூட சண்டை போடுவீங்க." குற்றம் சொல்கிற குரல் இல்லை. மேகம் கறுத்தால் மழை வரும் என்பதுபோல் சொன்னாள்.

மலேசியாவில் ரப்பர் சீமைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அந்த லாரியைத் தெரியும். மரத்தில் பால் சேரக் கட்டிய கிண்ணமான மங்கிலேயே தானாக உறைந்துபோகும் பால்தான் கட்டிப்பால். அதைப் பொறுக்கி, சாக்கிலும் தொட்டியிலும் நாள்கணக்கில் போட்டுவைத்து, பிறகு ஆலைக்கு ஏற்றிப் போவார்கள். பாலில் இருக்கும் புரதத்தைக் கிருமிகள் தின்று அழுக வைக்கும்போது எழும் அமிலங்கள்தான் அந்த நாற்றம். லாரி போன பிறகும் அரை கிலோமீட்டருக்கு அது சாலையில் நிற்கும். அந்த நாற்றத்தில் யாருக்கும் முகம் சுளிக்கும். ஆனால் முகம் சுளிப்பது வேறு, கணவரின் அக்காவுக்கு வைத்த மொய் ஞாபகத்துக்கு வருவது வேறு.

மகள் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த இரண்டு மூன்று பயணங்களில் கவனித்தேன். ஒருமுறை லாரி எதுவும் வரவில்லை, சண்டையும் வரவில்லை. அடுத்த முறை லாரி வந்தது. நாற்றம் மூக்கில் ஏறி, வயிறு இறுகி, தாடை கெட்டித்துப்போய், "ஏன் இவ்வளவு மெதுவா போறீங்க?" என்று என் வாய் கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. உடம்பு முதலில் முடிவெடுத்திருக்கிறது. கோபத்துக்கு ஓர் ஆளைப் பிறகு தேடியிருக்கிறேன். பக்கத்து சீட்டில் அவர் இருந்தார்.

இந்த விஷயத்தைப் பற்றி அதற்கப்புறம் நிறையப் படித்தேன். படித்ததில் என்னை மிகவும் உலுக்கியவை இரண்டு.

1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் டிமோத்தி வில்சனும் வெளியிட்ட ஆய்வில் ஒரு கடைக் காட்சி வருகிறது. மேசையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வருவோர் போவோரிடம் கேட்டார்கள். வலக்கோடியில் இருந்ததைத்தான் மிகப் பலர் எடுத்தார்கள். இடக்கோடியில் இருந்ததோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஏன் இதை எடுத்தீர்கள் என்றால் நெசவு நன்றாக இருக்கிறது, மெல்லிசாக இருக்கிறது என்றார்கள். நான்கும் ஒரே காலுறை. வைத்த இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டதற்கு, இல்லவே இல்லை என்றார்கள். பினாங்கில் லெபோ பாசார் தெருவின் சேலைக்கடைகளில் தீபாவளிக்கு முன்னால் நான் நின்ற நேரங்களை நினைத்துக்கொண்டேன். "இந்தக் கரைதான் எடுப்பா இருக்கு" என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது, 1970களில் மைக்கேல் கஸானிகாவும் ஜோசப் லெடூவும் பார்த்த ஓர் இளைஞன். வலிப்பு நோய்க்காக அவனுடைய மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கட்டை அறுத்திருந்தார்கள். பேசத் தெரிந்த இடது பாதிக்கு மட்டும் ஒரு கோழிக்காலைக் காட்டினார்கள். பேச முடியாத வலது பாதிக்கு மட்டும் பனி மூடிய ஒரு வீட்டைக் காட்டினார்கள். பிறகு பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னபோது, வலது கை கோழியை எடுத்தது. இடது கை மண்வாரியை எடுத்தது, பனியை அள்ளத்தான். ஏன் மண்வாரி என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டிய இடது பாதிக்குப் பனியே தெரியாது. அவன் ஒரு கணமும் தடுமாறாமல் சொன்னான்: கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமல்லவா என்று. அவன் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததை வைத்துத் தன் கை செய்த காரியத்துக்கு ஒரு காரணம் கட்டினான். கட்டியதை நம்பவும் செய்தான். மொய் பற்றிய என் கோபமும் அந்த மண்வாரிதான்.

சரி, எனக்குக் காட்டப்பட்ட பனி எது?

அத்தைதான் சொன்னார். சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். வழியில் பார்த்த லாரி நாற்றத்தைப் பற்றி ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன். அத்தை கத்தியைக் கீழே வைத்தார். "உங்கப்பாவ அந்த மாதிரி லாரியிலதானே பாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. உனக்கெங்க ஞாபகம் இருக்கப் போவுது, மூணு வயசுகூட முடியல" என்றார்.

நாங்கள் இருந்த தோட்டம் இப்போது இல்லை. வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. அங்கே மேட்டுக்காட்டில் மழை ஈரத்தில் அப்பா இரண்டு பால்வாளிகளோடு சறுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துப் பக்கம் கட்டிப்பால் ஏற்றிக்கொண்டு நின்ற லாரிதான் அன்றைக்குக் கிடைத்த வண்டி. மூட்டைகளைத் தள்ளிவிட்டு அப்பாவைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறியிருக்கிறார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போகத் தோன்றவில்லையாம். வழியெல்லாம் அப்பா கத்தியிருக்கிறார். மூன்று மாதம் கழித்துக் காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த மூன்று மாதமும் என்னைப் பார்த்துக்கொண்டது அத்தை. நான் ஒவ்வொரு மாதமும் கூலிமுக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். யாரும் எனக்குச் சொல்லித் தராமலே போய்க்கொண்டிருந்தேன்.

எனக்கு இதில் ஒரு துளிகூட ஞாபகம் இல்லை. அதில் அதிசயமும் இல்லை. மூன்று, மூன்றரை வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகள் பெரும்பாலோர் ஞாபகத்தில் தங்குவதில்லை. எங்கே, எப்போது, யார் என்று நிகழ்ச்சிகளைக் கோத்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி அந்த வயதில் இன்னும் முதிர்ந்திருக்காது. ஆனால் ஆபத்தை முகர்ந்து பதிந்துகொள்ளும் அமிக்டலா, பாதாம் பருப்பு வடிவத்தில் இருப்பது, அதற்கு வெகு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதோடு, பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் இறங்கி ஏறித்தான் மூளையின் மற்ற இடங்களுக்குப் போகின்றன. மோப்பத்துக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை. மூக்குக்கு மேலே இருக்கும் நரம்பு மொட்டிலிருந்து நேராக அமிக்டலாவுக்கு வழி இருக்கிறது.

ஞாபகமே இல்லாமல் பயம் மட்டும் தங்குமா என்ற கேள்விக்கு 1911இலேயே ஒரு விடை எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ஜெனிவாவில் எட்வார்ட் கிளாபரெட் என்ற மருத்துவர். அவருடைய நோயாளி ஒரு பெண். புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவர். தினமும் பார்க்கும் மருத்துவரிடமே தினமும் புதிதாக அறிமுகமாவார். ஒருநாள் கிளாபரெட் விரல்களுக்கு இடையில் ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு அவருடன் கைகுலுக்கினார். சுருக்கென்று குத்தியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அதை மறந்துவிட்டார். ஆனால் மறுபடி மருத்துவர் கையை நீட்டியபோது தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஏன் என்று வற்புறுத்திக் கேட்டதற்கு, கையை இழுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா என்றார், சில சமயம் ஆட்கள் கையில் ஊசி வைத்திருப்பார்கள் என்றார். யார், எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது. ஒரு நோயாளியைக் குத்திப் பார்ப்பதை இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு லாரியில் அம்மா இடுப்பிலிருந்த குழந்தை ஞாபகம் வருகிறது.

இங்கே நான் நிதானிக்க வேண்டும். லாரிக்கும் என் கோபத்துக்கும் அத்தை சொன்ன கதை அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பதே என்னை உறுத்துகிறது. மண்வாரியும் கோழிக் கொட்டகையும்கூட அழகாகத்தான் பொருந்தின. அந்த நாற்றத்தில் வேறு எத்தனையோ கலந்திருக்கலாம். தோட்டத்தை விட்டுப் போகச் சொன்ன நாள், சம்பள நாளில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நடந்த குடிச்சண்டைகள், பள்ளிக்கூடத்தில் என் சட்டையை முகர்ந்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்த ஒரு தோழி. இவற்றில் எது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. நாற்றம் வந்ததும் உடம்பு இறுகுகிறது என்பது மட்டும் நானும் என் மகளும் கண்ணால் கண்டது. அதைத் தாண்டியதை நான் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன்.

ஆழ்மனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நிதானத்தைக் கைவிடும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஓட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் வகுப்பு, நூற்றுக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கட்டணம், ஆழ்மனத்தைத் திருப்பி எழுதிக் கொடுக்கிறோம் என்கிறார்கள். கடன் வாங்கிப் போன ஒரு தோழியை எனக்குத் தெரியும். ஆய்வுலகமே இதில் அடிபட்டிருக்கிறது. முதுமை தொடர்பான சொற்களை வாசித்தவர்கள் தங்களை அறியாமல் மெதுவாக நடந்தார்கள் என்று 1996இல் வந்த ஆய்வு மிகவும் புகழ்பெற்றது. 2012இல் பெல்ஜியத்தில் இன்னும் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் ஆழ்மனத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

தமிழில் இதற்கு நனவிலி மனம் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. பேச்சில் உள்மனசு என்கிறோம். எனக்குப் பிடித்த சொல் இவை இரண்டும் இல்லை. பழைய நூல்களும் பெரியவர்களும் வாசனை என்பார்கள். மனத்தில் ஒட்டிக்கொண்டு, ஆளுக்கே தெரியாமல் அவரை இழுக்கும் பழைய பதிவுக்கு அது பெயர். "பூர்வ வாசனை" என்று பாட்டி யாரையாவது சொல்லும்போது முன்பிறவியைத்தான் நினைத்துச் சொல்லியிருப்பார். என் கதைக்கு முன்பிறவி வேண்டாம், இந்தப் பிறவியின் மூன்றாவது வயது போதும். மூக்குக்கும் மனத்தின் பதிவுக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி நம்முடையது. பெருங்காயம் வைத்த டப்பா என்றும் நமக்கு ஒரு பேச்சு உண்டு. பெருங்காயம் தீர்ந்துபோயிருக்கும், டப்பாவைக் கழுவியும் இருப்போம், திறந்தால் மணக்கும்.

எல்லா வாசனையும் காயமாகவும் இருப்பதில்லை. லெபோ குயின் மாரியம்மன் கோயில் வாசலைத் தாண்டும்போது சாம்பிராணியும் மல்லிகையும் சேர்ந்து வந்தால் என் தோள் தானாக இறங்கும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு ஏறும் வழியில் நெரிசலில் நசுங்கினாலும், அந்தப் புகையில் எனக்கு மூச்சு எளிதாக வருகிறது. பக்தி என்றுதான் அதற்கு நான் காரணம் சொல்லிவந்தேன், இன்றும் சொல்வேன். அப்பாவின் தோளில் உட்கார்ந்து போன நாட்களும் அதில் இருக்கின்றன.

சின்ன வயதில் செய்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, குவே என்னும் பலகாரம் விற்க ஒரு மலாய் மாக்சிக், வயதான அம்மா, வருவார். அவருக்கு லாத்தா. திடுக்கிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார், எதிரில் இருப்பவர் செய்வதை அப்படியே தானும் செய்வார். மலாய் மக்களிடையே இதைப் பார்த்து 1883இலேயே ஓ'பிரையன் என்பவர் ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது விளையாட்டு. பின்னால் போய் டின்னைப் போட்டு உடைப்போம், அவர் பதறுவதைப் பார்த்துச் சிரிப்போம். அடங்கிய பிறகு அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தபடி நிற்பார். தன் வாய் தன்னைக் கேட்காமல் பேசிவிட்ட வெட்கம் அது. திடீர்ச் சத்தத்துக்கு எல்லார் கண்ணிமையும் நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் மூடத் தொடங்கிவிடுகிறது, நாம் முடிவு செய்து மூடுவதில்லை. அவருக்கு அது உடம்பு முழுக்க வந்தது. காரில் என் வாய் முந்திக்கொண்ட அன்றைக்கு அவர் நின்ற நிலை எனக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்க அவர் இன்று இல்லை.

அம்மா இத்தனை காலம் ஜொகூரில் தம்பி வீட்டில் இருந்தார். இந்த வருடம் ஜனவரியில் எங்களோடு வந்துவிட்டார். முதல் நாளே அதிகாலை 4:30க்கு சமையலறை விளக்கு எரிந்தது. கேத்தலில் தண்ணீர், இரண்டு குவளை கோப்பி, பிறகு ஜன்னல் பக்கம் நின்றபடி காத்திருப்பு. பால் வெட்டுவதை விட்டு 20 வருடத்துக்கு மேலாகிறது. சூடு ஏறுவதற்கு முன்னால் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் அதிகம், அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு. மரமும் இல்லை, வேலையை மேற்பார்க்கும் தண்டலும் இல்லை, பேர் கூப்பிடுகிறவரும் இல்லை. "தூங்குங்கம்மா" என்றால், "தூக்கம் வரலடி, வயசாயிருச்சி" என்கிறார். அதுவும் ஒரு மண்வாரி என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. லாரி நாளைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று கோப்பியை ஆற்றத் தொடங்கிவிட்டார்.

என் கோபம் என்னோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். விட முடியாமல் செய்தது மகளின் முகம்.

மார்ச் மாதம் ஒருநாள். எதிர்த்திசையில், தடுப்புக்கு அந்தப் பக்கம், தார்ப்பாய் போட்ட ஒரு லாரி வந்தது. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது, நாற்றம் எதுவும் இல்லை. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். மகள் போனைக் கீழே வைத்துவிட்டு, தோளை ஒடுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் மரத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்தவள். தாத்தாவைப் படத்தில் பார்த்தவள். அவளுக்கு லாரி பயம் எங்கிருந்து வந்தது என்று நான் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

1980களில் சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளை அந்த இரவு படித்தேன். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு மிரள்வதைச் சில நிமிடங்கள் பார்த்தால் போதும், இவையும் மிரளத் தொடங்கிவிடும். மூன்று மாதம் கழித்தும் அந்தப் பயம் குறையவில்லை. எந்தப் பாம்பும் அவற்றைத் தீண்டியதில்லை. இன்னொரு முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டன. ஆனால் 1986இல் அவர்களே இன்னொன்றையும் கண்டார்கள். பாம்புக்குப் பக்கத்தில் பதறாமல் இருக்கும் ஒரு குரங்கை முதலில் பல தடவை பார்த்துவிட்ட குரங்குகளில் பெரும்பாலானவை, பிறகு மிரளும் குரங்கைப் பார்த்தாலும் பயத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். என் மகள் முதலில் பார்த்தது என் முகத்தை.

இப்போது லாரி வந்தால் நான் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். "லாரி. எனக்கு வயிறு இறுகுது." அவ்வளவுதான். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது அமிக்டலாவின் கொதிப்பு குறைவதை மூளைப் படங்களில் மாத்யூ லீபர்மன் குழு 2007இல் காட்டியிருக்கிறது. முதல்முறை சொன்னபோது கணவர் ரேடியோவைக் குறைத்துவிட்டு, "சரி, மெதுவா மூச்சு விடு" என்றார். 11 வருடம் திட்டு வாங்கியவர். இது முழுக்கப் போய்விடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பழைய பயத்துக்கு மேல் புதிய பாடம் எழுதப்படுகிறது, அடியில் உள்ளது அழிவதில்லை. அலுப்பான நாளில், வேறு சாலையில், அது திரும்ப எழும். இரண்டு முறை எழுந்தும் விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் வந்தார். இந்தச் சாலையில் அவர் எங்களோடு வருவது முதல்முறை. பின்சீட்டில் பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் அத்தைக்குக் கொண்டுபோகும் முறுக்கு டப்பாவை வைத்திருந்தார். லூனாஸ் பக்கம் நெருங்கும்போது முன்னால் ஒரு லாரி. தார்ப்பாய் கட்டாமல், பின்பலகைக்கு மேலே கட்டிகள் குவிந்து தெரிந்தன. நாற்றம் ஏசி வழியாக உள்ளே வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "கண்ணாடிய எறக்கும்மா" என்று பேத்தியிடம் சொன்னார்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு இறக்கினாள்.

அம்மா கழுத்தை நீட்டி நன்றாக மூச்சை இழுத்தார். "நல்லா ஊறுன கட்டி" என்றார். "நெறைய ஏத்தியிருக்கான். எடைக்கு எடை காசு வரும். தீபாவளிக்கு உங்கம்மாவுக்கு மொதமொத பாவாடை எடுத்தது இந்தக் கட்டிப்பால் காசுலதான்."

"என்ன கலர் பாட்டி?"

"பச்சை" என்றார் அம்மா, லாரியைப் பார்த்தபடியே. மகள் லாரியைப் பார்க்கவில்லை. முகத்தில் காற்று அடிக்க, முறுக்கு டப்பாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.